ஊருக்கு ஒரு மதகு வேண்டுமென்றால்: திருகோணமலையில் அரச உதவி கேட்டுப் போகிறவர்களுக்கு

எங்கள் ஊரிலிருந்து வயலுக்குப் போகும் வீதியில் இருந்த மதகு ஒரு மாரி வெள்ளத்தில் உடைந்தது. அதைத் திரும்பக் கட்டி முடிக்க 2 வருடமும் 4 மாதமும் எடுத்தது. அதில் கம்பி கட்டி, கொங்கிறீட் போட்டு, மண் நிரப்பிய வேலை வெறும் 18 நாள். மிச்சமெல்லாம் அலைச்சல். அரசாங்கத்திடம் பணம் இல்லை என்று யாரும் எங்களைத் திருப்பி அனுப்பவில்லை. எந்தக் கந்தோரின் எந்த மேசையில் கேட்க வேண்டும் என்று எங்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அந்தக் காலத்தில் நான் எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளர். பொதுக்கூட்டத்தன்று நேரத்துக்குப் போய் முன்வரிசையில் உட்கார்ந்த குற்றத்துக்குக் கிடைத்த பதவி. உங்களுக்கும் அப்படி ஏதாவது தலையில் விழுந்திருந்தால், எங்களைப் போல ஒரே வாசலில் ஏழு தரம் ஏறி இறங்க வேண்டாம். கீழே இருப்பது நாங்கள் அடிபட்டுத் தெரிந்துகொண்ட வரிசை. வீதி, குளம், பொதுமண்டபம், குடிநீர், மைதானம் போன்ற ஊர்ப் பொது வேலைகளுக்கு மட்டும்தான் இது பொருந்தும். அஸ்வெசும மாதிரியான கொடுப்பனவுகள் ஒவ்வொரு குடும்பமும் தனியே விண்ணப்பிப்பவை. அவற்றை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

1. அது யாருடையது என்று முதலில் கண்டுபிடியுங்கள்

நாங்கள் ஒன்றரை வருடத்தைத் தொலைத்தது இந்த இடத்தில்தான். மதகு உடைந்ததும் நேரே பிரதேச சபைக்குக் கடிதம் கொடுத்தோம். “இது வயல் வீதி, கமநலத்துக்குப் போங்கோ” என்றார்கள். கமநல சேவை நிலையத்தில், “மதகுக்குக் கீழே ஓடுவது குளத்து வாய்க்கால், நீர்ப்பாசனம்தான் பார்க்க வேணும்” என்றார்கள். அங்கே போனால், “மேலே போவது வீதிதானே, சபையிடம் கேளுங்கோ” என்று சொல்லி, தொடங்கிய இடத்துக்கே அனுப்பினார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. அவரவர் பதிவேட்டில் இல்லாத சொத்துக்குப் பணம் செலவழித்தால் கணக்காய்வில் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். இது எங்களுக்குப் புரிந்தபோது இரண்டாவது மாரியும் வந்துவிட்டது.

வீதிகளில் ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையினுடையவை. கண்டி வீதி, மட்டக்களப்பு வீதி, புல்மோட்டை வீதி எல்லாம் அந்த வகை. சி, டி தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வரும். ஊருக்குள் இருக்கும் உள்வீதிகள் பெரும்பாலும் பிரதேச சபைக்குரியவை. வயலுக்குள் போகும் பாதைகளிலும் குளக்கட்டுப் பாதைகளிலும்தான் சண்டையே வருகிறது. சில கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ், சில நீர்ப்பாசனத்தின் கீழ், சில எந்தப் பதிவேட்டிலும் இல்லாத அநாதைப் பாதைகள்.

குளங்களுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. 80 ஹெக்டேயர், அதாவது சுமார் 200 ஏக்கர் வயலுக்குக் குறைவாகத் தண்ணீர் கொடுக்கும் குளம் சிறிய குளம். அது கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு. அதைவிடப் பெரியவற்றில் மாகாண நீர்ப்பாசனமும் உண்டு, மத்திய நீர்ப்பாசனத் திணைக்களமும் உண்டு. கந்தளாய்க் குளம் போன்றது எங்கே போகும் என்பதில் சந்தேகம் இல்லை. உங்கள் ஊரின் நடுத்தரக் குளம் எந்தப் பக்கம் என்பதைக் கமக்காரர் அமைப்பின் தலைவரிடம் கேளுங்கள். போகத்துக்கு முன் நடக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்கு எந்தத் திணைக்களத்து ஆட்கள் வந்து முன்னால் இருக்கிறார்கள் என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

குடிநீருக்கு இரண்டு வாசல். பெரிய குழாய்த் திட்டம் என்றால் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை. கிணறு, தாங்கி, ஊர்ச் சங்கமே நடத்தும் சிறு திட்டம் என்றால் தேசிய சமூக நீர் வழங்கல் திணைக்களம். யானை வேலிக்கு வனசீவராசிகள் திணைக்களம். மீனவர் வாடி, இறங்குதுறை என்றால் கடற்றொழில் பரிசோதகரைக் கேட்டுத் தொடங்குங்கள். கடற்கரை ஊர்களில் கரையோரப் பேணல் திணைக்களமும் கூடவே வரும். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

வாய்மொழிப் பதிலை நம்பி அடுத்த கந்தோருக்கு ஓடாதீர்கள். “இந்த வீதி எங்கள் பதிவேட்டில் இல்லை” என்று ஒருவர் சொன்னால், அதையே ஒரு வரியில் எழுதித் தரும்படி பணிவாகக் கேளுங்கள். எழுதித் தர மறுத்தால் 8ஆம் படியில் ஒரு வழி இருக்கிறது. எங்கள் முடிச்சை அவிழ்த்ததும் அதுதான்.

2. உங்கள் சங்கம் கடதாசியில் உயிரோடு இருக்கிறதா?

கூட்டம் நடக்கிறது, தலைவர் இருக்கிறார் என்பது போதாது. கிராம அபிவிருத்திச் சங்கமும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமும் மாகாணக் கிராம அபிவிருத்தித் திணைக்களத்தில் பதிவாகியிருக்க வேண்டும். பிரதேச செயலகத்தில் இருக்கும் கிராம அபிவிருத்தி உத்தியோகத்தர்தான் இதற்கு உங்கள் ஆள். அவரைச் சந்தித்து, “எங்கட சங்கத்தின் பதிவு நடப்பில் இருக்கா, மிஸ்?” என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். எங்கள் சங்கத்துக்கு மூன்று வருடமாகக் கணக்கறிக்கை போகவில்லை என்று அந்த மேசையில் நின்றபோதுதான் எனக்குத் தெரியும். பழைய பொருளாளர் வெளிநாடு போய்விட்டார், கணக்குப் புத்தகமும் அவருடைய அலுமாரிக்குள் போய்விட்டது.

இவை கையில் இருக்கட்டும்: பதிவுச் சான்றிதழ், யாப்பின் பிரதி, வந்தவர்களின் கையொப்பத்தோடு கடைசிப் பொதுக்கூட்ட அறிக்கை, அடையாள அட்டை இலக்கங்களோடு நிர்வாக சபைப் பெயர்ப்பட்டியல், கணக்காய்வு செய்த கடைசி வருடக் கணக்கு, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கப் பிரதி, கடிதத் தலைப்பும் இறப்பர் முத்திரையும்.

வங்கிக் கணக்குச் சங்கத்தின் பெயரில் இருக்க வேண்டும். யாருடைய சொந்தப் பெயரிலும் இருக்கக் கூடாது. நிர்வாகம் மாறியவுடன் கையொப்பம் வைப்பவர்களையும் வங்கியில் மாற்றுங்கள். இதற்குப் பொதுக்கூட்டத் தீர்மானமும் உத்தியோகத்தரின் கடிதமும் கேட்பார்கள். எங்களுக்கு இது மட்டும் 5 வாரம் இழுத்தது. பழைய தலைவர் கோபத்தில் வங்கிப் பக்கமே வர மறுத்தார். ஒரு நாள் பின்னேரம் அவர் வீட்டுக்குப் போய்த் தேத்தண்ணி குடித்து, மனக்குறையெல்லாம் கேட்டுவிட்டு வந்த பிறகுதான் கையொப்பம் கிடைத்தது. இதற்கெல்லாம் படிவம் கிடையாது.

வயல், குளம் சம்பந்தமான வேலைக்குக் கமக்காரர் அமைப்பின் பெயரிலும், மீன்பிடி என்றால் கடற்றொழில் சங்கத்தின் பெயரிலும் போவது இலகு. அவற்றின் பதிவு வேறு இடத்தில். ஊரில் எந்தச் சங்கம் உயிரோடு இருக்கிறதோ அதை முன்னால் விட்டு, மற்றவை ஆதரவுக் கடிதம் கொடுக்கலாம். 2025இல் தொடங்கிய ‘பிரஜா சக்தி’ திட்டத்தின் கீழ் கிராம அலுவலர் பிரிவு மட்டத்திலும் சமூக அபிவிருத்திச் சபைகள் வந்திருக்கின்றன. உங்கள் பிரிவில் அது இயங்கினால் அவர்களுக்கும் சொல்லி வையுங்கள். பிறகு, “எங்களுக்குத் தெரியாமல் போனது” என்ற பேச்சு வரக் கூடாது.

3. ஒன்றை மட்டும் கேளுங்கள்

பொதுக்கூட்டம் போட்டால் பத்து வேலை வரும். வீதி விளக்கு, மைதானம், கோயில் மதில், பாலர் பாடசாலைக் கூரை, வாசிகசாலை. பத்தையும் ஒரே கடிதத்தில் எழுதிக் கொடுக்கும் ஆசையும் வரும். நாங்கள் கொடுத்தோம். அந்தக் கடிதம் ஐந்து பிரிவுக்கும் பிரதி எடுத்து அனுப்பப்பட்டு, ஐந்து இடத்திலும் கோவையில் குத்தப்பட்டுத் தூங்கியது.

ஒரு வருடத்துக்கு ஒரு வேலை. அதைப் பொதுக்கூட்டத்தில் தீர்மானமாக எழுதுங்கள். முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் பெயரோடு. எத்தனை குடும்பம் பயன்படும், எத்தனை ஏக்கர் வயல், எத்தனை பள்ளிப் பிள்ளைகள் அந்த வழியால் போகிறார்கள் என்று எண்ணி எழுதுங்கள். குடும்ப எண்ணிக்கையைக் கிராம அலுவலரிடம் உறுதிப்படுத்தி வாங்குங்கள். எங்கள் பக்கத்தில் வயதானவர்கள் இன்னும் அவரை விதானையார் என்றுதான் சொல்கிறார்கள். சுமாராக 300 குடும்பம் என்று எழுதி, அவர் பதிவில் 184 என்று இருந்தால், மிச்சக் கடிதத்தையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

இன்னொன்று. நம் மாவட்டத்தில் ஒரு தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் சிங்கள ஊரும் பல இடங்களில் ஒரே வீதியையும் ஒரே வாய்க்காலையும் பாவிக்கின்றன. எங்கள் மதகைத் தாண்டித்தான் பக்கத்து முஸ்லிம் கிராமத்தாரும் வயலுக்குப் போவார்கள். முதல் கடிதத்தில் அவர்களை நாங்கள் நினைக்கவே இல்லை. இரண்டாவது முறை பள்ளிவாசல் நிர்வாகத்தின் கடிதத்தையும் அவர்களுடைய கமக்காரர் அமைப்பின் கடிதத்தையும் வாங்கி இணைத்தோம். “இரண்டு ஊருக்கும் பயன்” என்ற ஒரு வரி, பட்டியலில் எங்கள் வேலையை மேலே தூக்கிவிட்டது. இதை உத்தியோகத்தரே பிறகு சொன்னார்.

4. கடிதம்

ஒரு பக்கம் போதும். “மாண்புமிகு”, “பெருமதிப்பிற்குரிய” என்று அரைப் பக்கத்தை நிரப்ப வேண்டாம். என்ன உடைந்தது, எங்கே, எப்போது, யாருக்குப் பாதிப்பு, என்ன கேட்கிறோம் என்பது முதல் ஐந்து வரிக்குள் வந்துவிட வேண்டும். கிராம அலுவலர் பிரிவின் பெயரும் இலக்கமும் மேலே இருக்கட்டும். மாவட்டத்தில் 11 பிரதேச செயலகப் பிரிவுகளும் 230 கிராம அலுவலர் பிரிவுகளும் இருக்கின்றன. ஒரே மாதிரிப் பெயருள்ள ஊர்கள் பல. “பாடசாலைக்குப் பின்னால் உள்ள வீதி” என்றால் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், இருப்பவருக்கு ஒன்றும் விளங்காது.

இணைக்க வேண்டியவை: பொதுக்கூட்டத் தீர்மானத்தின் பிரதி, பயனாளிகள் விபரம், கிராம அலுவலரின் சிபாரிசு, ஆதரவுக் கடிதங்கள், படங்கள். படத்தில் ஒரு ஆள் நிற்கட்டும். அப்போதுதான் குழியின் ஆழம் தெரியும். கைத்தொலைபேசியில் இடத்தைக் குறித்து, அந்த வரைபடத்தையும் அச்சடித்து வையுங்கள்.

தமிழில் எழுதுங்கள். தமிழில் எழுதித் தமிழில் பதில் பெறும் உரிமை அரசியலமைப்பிலேயே இருக்கிறது. சிங்களத்தில் மட்டும் பதில் வந்தால் கோபப்படாமல், தமிழ்ப் பிரதி தரும்படி இன்னொரு குறுங்கடிதம் கொடுங்கள். அதேநேரம், அவசர வேலை என்றால் சிங்களம் தெரிந்த ஒருவரைக் கொண்டு மொழிபெயர்ப்பு ஒன்றையும் பின்னால் இணைப்பது காரியத்துக்கு நல்லது. உரிமையும் இருக்கட்டும், வேலையும் நடக்கட்டும்.

கடிதத்தைக் கையில் கொடுத்தால் உங்கள் பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்காமல் வெளியே வராதீர்கள். எங்கள் முதல் கடிதம் “கிடைக்கவில்லை” என்றார்கள். கொடுத்த நாள் நினைவிருந்தது, சாட்சியாகக் கூட வந்த தம்பியும் இருந்தான், முத்திரைதான் இல்லை. தூரத்து ஊர் என்றால் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைக் கோவையில் ஒட்டுங்கள். வெருகலிலிருந்தோ புல்மோட்டையிலிருந்தோ பட்டினத்துக்கு வந்து போக ஒரு நாள் கூலி போய்விடும், தபால் செலவு அதைவிடக் குறைவு.

நேரில் போவதென்றால் பொதுமக்கள் தினத்தில் போங்கள், அது எந்தக் கிழமை என்று முதலே கேட்டு வையுங்கள். மற்ற நாட்களில் வெளிக்கள உத்தியோகத்தர்கள் ஊர்களுக்குப் போய்விடுவார்கள். ஒரு வசதி நமக்கு உண்டு. கச்சேரியும் மாகாணத் திணைக்களங்களும் ஒரே பட்டினத்தில் இருக்கின்றன. காலையில் கச்சேரி, மத்தியானம் வரோதயநகர்ப் பக்கம் என்று ஒரே நாளில் இரண்டையும் முடிக்கலாம். அம்பாறைக்காரருக்கும் மட்டக்களப்புக்காரருக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை.

5. காணியைப் பார்க்காமல் கட்டடம் கேட்காதீர்கள்

மதகு, வீதி என்றால் இதை மேலோட்டமாகப் படித்துவிட்டுப் போகலாம். மண்டபம், பாலர் பாடசாலை, கிணறு என்றால் இரண்டு தரம் படியுங்கள்.

ஊரில் எல்லாருக்கும் தெரிந்த “பொதுக்காணி” கடதாசியில் யாருடைய காணி என்பது வேறு விஷயம். பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் கேளுங்கள். அரச காணி என்றால் அதைப் பொதுத் தேவைக்கு ஒதுக்கியதாகக் கடிதம் வேண்டும். அனுமதிப்பத்திரத்தில் ஒருவருக்குக் கொடுத்த காணி என்றால் அவர் சும்மா கையொப்பம் வைத்து விட்டுக்கொடுக்க முடியாது, பிரதேச செயலாளரின் அனுமதி வேண்டும். நல்ல மனதுள்ள ஒருவர் தன் உறுதிக்காணியில் ஒரு துண்டு தருகிறேன் என்றால், வாய்ச்சொல்லோடு நிறுத்தாமல் நொத்தாரிசிடம் நன்கொடை உறுதி எழுதுங்கள். நில அளவைச் செலவும் நொத்தாரிசு கட்டணமும் சங்கத்தின் தலையில் வரும். அரச பணத்தில் தனியார் காணிக்குள் கட்டடம் கட்டக் கேட்டால் மதிப்பீட்டு மேசையிலேயே நின்றுவிடும்.

நம் மாவட்டத்தில் இதற்கு மேலும் சிக்கல் உண்டு. பார்வைக்கு வெறும் பற்றையாக இருந்தாலும் வனத் திணைக்கள எல்லைக்குள் இருக்கலாம். பழைய செங்கல் கிடந்தால் தொல்பொருள் திணைக்களம் வரலாம். சில பகுதிகள் மகாவலி அதிகார சபையின் கீழ். கடலோரத்தில், உயர் அலைக் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். அங்கே கட்டுவதற்குக் கரையோரப் பேணல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். பணம் ஒதுக்கிய பிறகு இது தெரியவந்தால், அந்த வருடப் பணம் வேறு ஊருக்குப் போய்விடும். எங்களுக்குத் தெரிந்த ஒரு ஊரில் அடிக்கல் நாட்டி, படமும் எடுத்து, அதோடு நின்றது. கல் இன்னும் இருக்கிறது, ஆடு கட்ட உதவுகிறது.

6. நாட்காட்டிதான் பாதி வேலை

அரசாங்கத்தின் வருடம் ஜனவரியில் தொடங்கி டிசம்பர் 31இல் முடியும். செலவழிக்காத பணம் பொதுவாக அடுத்த வருடத்துக்கு வராது. அடுத்த வருடத்துக்கான முன்மொழிவுகள் ஆண்டின் நடுப்பகுதியிலேயே கீழிருந்து மேலே போகத் தொடங்கிவிடும். பாராளுமன்றத்தில் வரவு செலவுத் திட்டம் வழமையாக நவம்பரில் வரும். அப்போது கடிதம் கொண்டு போனால், அது அதற்கும் அடுத்த வருடத்துக்குத்தான்.

எங்கள் அனுபவப்படி மே முடிவதற்குள் கடிதம் உள்ளே போக வேண்டும். பிரதேச சபையும் தன் வரவு செலவுத் திட்டத்தை ஆண்டு முடிவதற்குள் நிறைவேற்ற வேண்டும். ஆகவே உங்கள் வட்டார உறுப்பினரை ஆவணி, புரட்டாசியிலேயே பிடியுங்கள்.

மறுபக்கம் மழை. ஐப்பசி பிறந்தால் நம் பக்கத்தில் மண் வேலை நடக்காது. குளத்து வேலை என்றால் சிறுபோக அறுவடை முடிந்து தண்ணீர் அடிமட்டத்துக்குப் போகும் ஓரிரு மாதம்தான் கிடைக்கும். ஆகவே வருட நடுவில் பணம் வந்தாலும், கடதாசி வேலை ஆவணிக்குள் முடியாவிட்டால், மழையையும் டிசம்பர் 31ஐயும் ஒன்றாகச் சுமக்க வேண்டும். அவசரத்தில் போட்ட கொங்கிறீட் அடுத்த மாரியில் வெடிக்கிறது, அதையும் பார்த்தாயிற்று.

தேர்தல் அறிவித்தால் புதிய வேலை தொடங்குவது நின்றுவிடும். அந்த வருடத்தில் முன்கூட்டியே ஓடுங்கள்.

7. எல்லோரும் ஒரே மேசையில் இருக்கும் நாள்

பிரதேச மட்டத்தில் ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டம் ஒன்று நடக்கும், மாவட்ட மட்டத்தில் கச்சேரியில் இன்னொன்று. சபை, கமநலம், நீர்ப்பாசனம், வீதி, மின்சாரம், வனம் என்று எல்லாத் திணைக்களத்தாரும் ஒரே அறையில் இருக்கும் நாள் அதுதான். “அது எங்களுடையது இல்லை” என்று ஒருவர் சொன்னால், பக்கத்துக் கதிரையில் இருப்பவர் அங்கேயே பதில் சொல்லியாக வேண்டும். எங்கள் மதகு போன்ற அநாதை வேலைகளுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை.

நீங்கள் எழுந்து பேச வேண்டும் என்று அவசியமில்லை. விஷயம் நிகழ்ச்சி நிரலில் ஏற வேண்டும், அதுதான் முக்கியம். கூட்டத்துக்கு இரண்டு கிழமைக்கு முன்னமே பிரதேச செயலகத்தின் திட்டமிடல் பிரிவுக்குக் கடிதம் கொடுங்கள். உதவித் திட்டமிடல் பணிப்பாளரைச் சந்தித்து ஒரு பக்கச் சுருக்கத்தைக் கையில் வையுங்கள். கூட்டம் முடிந்து இரண்டு கிழமை கழித்து, தீர்மானம் எப்படி எழுதப்பட்டது என்று கேளுங்கள். “ஆராய்ந்து அறிக்கையிடுக” என்று இருந்தால், யார், எந்தத் திகதிக்குள் என்று கேளுங்கள். பெயரும் திகதியும் இல்லாத தீர்மானம் அடுத்த கூட்டத்தில் அப்படியே திரும்பி வரும்.

பாராளுமன்ற உறுப்பினர்களைப் பற்றியும் கேட்பீர்கள். நம் மாவட்டத்துக்கு 4 பேர். அவர்கள் சிபாரிசு செய்யும் பன்முகப்படுத்தப்பட்ட நிதியும் கச்சேரி, பிரதேச செயலகம் வழியாகத்தான் வேலையாகும். கடிதத்தின் பிரதியை எல்லாருக்கும் கொடுங்கள், ஒருவருக்கு மட்டும் கொடுத்து ஊரை ஒரு நிறமாக்காதீர்கள். கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017இல் முடிந்த பிறகு மாகாண உறுப்பினர் என்று யாரும் இல்லை. மாகாண வேலைகளுக்கு நேரே திணைக்களத்துக்குத்தான் போக வேண்டும்.

ஒரே வேலையை இரண்டு நிதியில் கேட்டு இரண்டும் கிடைத்துவிட்டால் என்ன நடக்கும் தெரியுமா? இரண்டு பக்கமும், “அவர்கள் செய்கிறார்கள்” என்று கைவிடுவார்கள். ஒன்று உறுதியானதும் மற்ற இடத்துக்கு எழுத்தில் அறிவித்துவிடுங்கள்.

8. பதில் வராவிட்டால்

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்துங்கள். சண்டைக்காரன் என்று பெயர் வரும் என நானும் பயந்தேன். வரவில்லை. விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை, காரணம் சொல்லத் தேவையில்லை. ஒவ்வொரு கந்தோரிலும் தகவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். அவர் 14 வேலை நாளுக்குள் தீர்மானம் சொல்ல வேண்டும். திருப்தி இல்லையென்றால் 14 நாளுக்குள் அதே நிறுவனத்தின் பெயர் குறிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அதற்கும் மேலே தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு, 2 மாதத்துக்குள்.

ஆனால், “ஏன் எங்கள் மதகைக் கட்டவில்லை?” என்று கேட்காதீர்கள், அது முறைப்பாடு. கடதாசியைக் கேளுங்கள். நாங்கள் மூன்று இடத்துக்கும் ஒரே கேள்வியை அனுப்பினோம்: “இன்ன இடத்திலிருந்து இன்ன இடம் வரையான வீதி உங்கள் வீதிப் பதிவேட்டில் உள்ளதா? இருந்தால் அந்தப் பக்கத்தின் பிரதி தருக.” இரண்டு இடத்திலிருந்து “இல்லை” என்று வந்தது. மூன்றாவது இடத்திலிருந்து ஒரு பழைய பதிவேட்டுப் பக்கத்தின் போட்டோகொப்பி வந்தது. 14ஆவது வரியில் எங்கள் வீதி. அந்தக் கொப்பியை அடுத்த ஒருங்கிணைப்புக் கூட்டத்துக்கு முன் இணைத்துக் கொடுத்தோம். பிறகு யாரும் எங்களை வேறு வாசலுக்கு அனுப்பவில்லை.

9. மதிப்பீடு, ஒப்பந்தம், காசு

வேலை ஏற்றுக்கொள்ளப்பட்டால் தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து அளப்பார். ஊர் ஆட்கள் டி.ஓ. என்பார்கள். அவர் வரும் நாளில் வயதான ஒரு கமக்காரர் கூட நிற்கட்டும். மாரியில் தண்ணீர் எந்த மட்டத்துக்கு வரும் என்பது அவருக்குத்தான் தெரியும். எங்கள் மதகின் முதல் மதிப்பீட்டில் ஒரு குழாய்தான் போட்டிருந்தது. ஒரு பெரியவர் வேலிக் கதியாலைக் காட்டி, “தம்பி, தண்ணி இவ்வளவுக்கு வரும்” என்ற பிறகு அது இரண்டானது.

சிறிய வேலைகளைச் சங்கத்துக்கே நேரடியாகச் சமூக ஒப்பந்தமாகக் கொடுக்க முடியும். அதற்கான உச்சத் தொகை மாறிக்கொண்டிருக்கும், கணக்குப் பிரிவில் கேளுங்கள். ஊர் ஆட்களுக்கு வேலை கிடைக்கும், தரமும் கண்முன்னே இருக்கும். ஆனால் கையில் காசில்லாமல் இறங்காதீர்கள். வேலையை அளந்து, பில் போட்டு, வவுச்சர் நகர்ந்து, பிறகுதான் காசோலை வரும். அதுவரை சீமெந்துக் கடைக்காரர் பொறுப்பாரா? கூலிக்காரர் பொறுப்பார்களா? முற்பணம் உண்டா, எத்தனை தவணையில் கொடுப்பனவு என்று ஒப்பந்தத்தில் கையொப்பம் வைக்கும் முன் கேளுங்கள். நாங்கள் கேட்கவில்லை. பொருளாளரின் மனைவியுடைய காப்பு 6 கிழமை அடகில் இருந்தது. அவர் இன்றும் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

மணல், கிரவல் அனுமதி உள்ள வாகனத்தில் வர வேண்டும். அனுமதிப்பத்திரத்தின் பிரதியை வாங்கி வையுங்கள், இல்லாவிட்டால் வழியில் பொலிஸ் மறிக்கும், வேலை நிற்கும். கம்பி கட்டி முடிந்ததும் டி.ஓ. பார்க்காமல் கொங்கிறீட் போடாதீர்கள். மூடிய கம்பியை அளக்க முடியாது, அளக்காததற்குப் பணமும் வராது. ஒவ்வொரு பற்றுச்சீட்டிலும் சங்கத்தின் பெயர் இருக்கட்டும். கூலிக்குப் பெயர், அடையாள அட்டை இலக்கம், நாள், தொகை, கையொப்பம் என்று ஒரு பட்டியல் அன்றன்றைக்கே எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை சேர்த்து எழுதலாம் என்று விட்டால் யார் வந்தார், யார் வரவில்லை என்பதில் சண்டை வரும்.

இவ்வளவுக்கும் சங்கத்துக்குச் செலவு? போட்டோகொப்பி, பஸ், முச்சக்கரவண்டி, தபால், படம் அச்சடிப்பு எல்லாம் சேர்த்து எங்களுக்கு 19,000 ரூபா போனது. பாதிக்கு மேல் தேவையில்லாத அலைச்சல். 1ஆம் படியைச் சரியாகச் செய்திருந்தால் 7,000க்குள் முடிந்திருக்கும். யாராவது “செலவுக்கு” என்று கை நீட்டினால் கொடுக்காதீர்கள். எங்கள் கோவை நகர்ந்தது ஒரு ரூபாவும் கொடுக்காமல்தான்.

10. கட்டி முடிந்த பிறகு

வேலை முடிந்த சான்றிதழை வாங்கி, மதகை அதற்குரிய நிறுவனம் பொறுப்பேற்றதாக எழுத்தில் பெறுங்கள். அவர்களின் சொத்துப் பதிவேட்டில் ஏறியதா என்றும் ஒரு தரம் பாருங்கள். இல்லாவிட்டால் அடுத்த முறை உடையும்போது மறுபடி முதல் வாசலிலிருந்து தொடங்க வேண்டும்.

கோவையை ஒருவர் வீட்டு அலுமாரிக்குள் வைக்காதீர்கள். எங்களுடையது இப்போது மூன்று இடத்தில் இருக்கிறது. அசல் சங்கக் கட்டடத்தில், ஒரு பிரதி வாசிகசாலையில், இன்னொரு பிரதி பக்கத்து ஊர்க் கமக்காரர் அமைப்பின் தலைவரிடம். போன மாதம் அவர் அந்தப் பிரதியோடு வந்து, அவர்கள் பக்கத்துக் குளக்கட்டுப் பாதைக்கு எந்தப் பதிவேட்டைக் கேட்க வேண்டும் என்று விசாரித்தார். இரண்டு பேரும் இருந்து விண்ணப்பத்தை எழுதினோம். 14 வேலை நாள் வருகிற வியாழக்கிழமை முடிகிறது.